‘கூறப்படுகிறது’ என்று எழுதினால் வழக்கு வராதா?

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை ராத்திரியோடு ராத்திரியாகக் கழிவுநீரை நொய்யல் ஆற்றில் திறந்து விடுகிறது என்று ஊர்க்காரர் ஒருவர் சொல்கிறார். கல்லூரிப் பயிற்சி இதழுக்கு எழுதும் மாணவர் பட்டறையின் பெயரைப் போட்டுவிட்டு, கடைசியில் ‘எனக் கூறப்படுகிறது’ என்று முடிக்கிறார். அந்த ஒரு சொல் குடையாக நிற்கும் என்று நம்புகிறார். நிற்காது. அடுத்தவர் சொன்ன அவதூறைத் திரும்பச் சொல்வதும் அவதூறுதான். யார் கூறினார் என்றே இல்லாத வாக்கியத்தை வைத்துக்கொண்டு எந்த வக்கீலும் வாதாட முடியாது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அவதூறு 356ஆம் பிரிவு. பழைய பாடப்புத்தகத்தில் இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 என்று இருக்கும். 2 ஆண்டு வரை வெறுங்காவல், அபராதம், இரண்டும், அல்லது சமூக சேவை என்று தண்டனை. கம்பெனியின் பெயரைக் கெடுப்பதும் இதில் அடங்கும் என்பதால், ‘ஆளைச் சொல்லவில்லை, பட்டறையைத்தான் சொன்னேன்’ என்பது எடுபடாது. பெயரை விட்டுவிட்டுப் ‘பாலத்துக்கு மேற்கே நீலக் கேட் போட்ட பட்டறை’ என்று எழுதினாலும் ஊருக்கே தெரிந்துவிடும், அதுவே போதும். சிவில் வழக்கில் எழுதியது உண்மை என்று நிரூபித்தால் தப்பிக்கலாம். கிரிமினல் வழக்கில் உண்மையோடு பொது நன்மையும் இருந்தது என்று காட்ட வேண்டும்.

ஆகவே அச்சுக்குப் போகுமுன் செய்யவேண்டிய வேலை ஒன்றுதான். செய்தியைப் பிரிண்ட் எடுத்து, குற்றம் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் அதற்கான ஆதாரத்தைப் பேனாவால் எழுதுங்கள்: நோட்டீஸ் எண், படம் எடுத்த தேதி, பேசியவர் பெயர். ஓரம் காலியாக இருக்கும் வாக்கியத்தை அடித்துவிடுங்கள்.

முதலில் எழுதியது: “நொய்யலைக் கொல்லும் சாயப்பட்டறை. அதிகாரிகள் உடந்தை எனக் கூறப்படுகிறது.”

திருத்தியது: “இந்தப் பட்டறைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடந்த மாதம் நோட்டீஸ் அனுப்பியுள்ளது. பட்டறைக்குக் கீழ்ப்புறம் ஓடையில் தண்ணீர் சிவப்பாக ஓடியதை 3 நாள் காலையில் படம் எடுத்தோம். அதே ஓடைக்கரையில் வேறு பட்டறைகளும் உள்ளன. ‘எங்கள் கழிவுநீர் முழுதும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போகிறது’ என்றார் மேலாளர்.”

‘உடந்தை’ போய்விட்டது, ஏனென்றால் அதற்கு ஓரத்தில் எழுத ஒன்றுமில்லை. ‘நொய்யலைக் கொல்லும்’ என்பதும் போய் ‘தண்ணீர் சிவப்பாக’ ஆகிவிட்டது; ஆய்வக அறிக்கை கையில் இல்லாதவரை கண்ணில் பட்டது நிறம் மட்டும்தான். ‘வேறு பட்டறைகளும் உள்ளன’ என்ற வாக்கியம் கதையின் சூட்டைக் குறைக்கிறது என்று ஆசிரியர் குழுவில் யாராவது முனகுவார்கள். எடுக்காதீர்கள், எடுத்தால் அந்தச் சிவப்பு இந்தப் பட்டறையுடையதுதான் என்று மறைமுகமாகச் சொன்னதாகும். குத்தலாக, மறைமுகமாகச் சொல்வதும் அவதூறாகலாம் என்று 356இலேயே விளக்கம் இருக்கிறது.

அந்த நோட்டீஸை எப்படி வாங்குவது? தகவல் உரிமைச் சட்டம், 2005. வாரியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு வெள்ளைத்தாளில் மனு எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பெரும்பாலான மனுக்கள் தோற்பது கேள்வி கேட்பதால்தான். ‘ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?’ என்றால், அப்படி ஒரு ஆவணம் இல்லை என்று பதில் வரும். ‘இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை இந்தப் பட்டறைக்கு அனுப்பிய நோட்டீஸ்கள், ஆய்வு அறிக்கைகளின் நகல்’ என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் சரியான பதில் இல்லையென்றால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையம். செமஸ்டர் முடியும்போது மனுப் போட்டால் செய்தி அடுத்த பேட்சுக்குத்தான் கிடைக்கும்.

பொது ஆவணத்தில் இருப்பதை வெளியிடலாம் என்பதை ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் (1994) உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன 2011 ஜனவரி ஹைகோர்ட் உத்தரவு போன்றவற்றைத் தயங்காமல் எடுத்தெழுதலாம். ஆனால் ராஜகோபால் தீர்ப்பு ஒரு விலக்கும் வைத்தது: பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் பெயர், பொது ஆவணத்தில் இருந்தாலும் வெளியே வரக்கூடாது.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதைப் பொள்ளாச்சி பாலியல் வன்முறை வழக்கு காட்டியது. 2019இல் வழக்கை சிபிஐக்கு மாற்றிய அரசாணையிலேயே பாதிக்கப்பட்டவரின் அடையாளம் இருந்தது. அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரும்படி ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அரசாணையில் இருந்ததே என்று அதைப் பார்த்துத் தட்டச்சு செய்பவருக்கும் சட்டம் ஒன்றுதான்: நியாய சன்ஹிதா 72ஆம் பிரிவு, 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும்.

பாதிக்கப்பட்டவர் குழந்தை என்றால், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு. பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் எதையும் போடக்கூடாது. மீறினால் 6 மாதத்துக்குக் குறையாமல் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பொறுப்பு எழுதிய மாணவரோடு நிற்காது, வெளியீட்டாளருக்கும் போகும்.

பெயரைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்களே, பிறகு எங்கே சிக்கல்? நம் வட்டார ஊர்களின் அமைப்பில். கொங்கில் பல வீடுகள் ஊருக்குள் இல்லை, தோட்டத்தில் இருக்கின்றன, அவற்றைச் சாளை என்பார்கள். ஒவ்வொரு தோட்டத்துக்கும் பெயர் உண்டு. ‘பல்லடம் அருகே தோட்டத்துச் சாளையில் வசிக்கும் விசைத்தறித் தொழிலாளியின் 9ஆம் வகுப்பு படிக்கும் மகள்’ என்று எழுதினால், பெயரே இல்லாமல் சுற்றுவட்டாரமே அந்த வீட்டுக்குப் போய் நிற்கும். குலப்பெயர், கூட்டத்துப் பெயர் போட்டாலும் அப்படியே. குற்றம் சாட்டப்பட்டவர் சித்தப்பா என்றால், அவர் பெயரைப் போட்டுவிட்டு உறவையும் சொன்னால் குழந்தையையே காட்டிக்கொடுத்ததாகும். இரண்டில் ஒன்றைத்தான் போட முடியும். எங்களைக் கேட்டால் இரண்டையும் விடுவதே நல்லது. ஊருக்குப் பதில் மாவட்டம், வகுப்புக்குப் பதில் ‘பள்ளி மாணவி’ போதும். மற்ற நாளிதழ்களையும் ஒரு பார்வை பாருங்கள்: அவர்கள் பள்ளியைச் சொல்லி நீங்கள் ஊரைச் சொன்னால், இரண்டும் சேர்ந்து முகவரி ஆகிவிடும்.

கைதானவரைக் குற்றவாளி என்று எழுதாதீர்கள். எஃப்ஐஆரில் இருப்பது புகார், குற்றப்பத்திரிகையில் இருப்பது போலீஸின் முடிவு, தீர்ப்பில்தான் குற்றவாளி வருகிறார். தீர்ப்பைக் காரணத்தோடு விமர்சிக்கலாம். 1971ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. நீதிபதிக்கு உள்நோக்கம் கற்பிப்பதுதான் வம்பு.

வக்கீல் நோட்டீஸ் வந்தால் முதலில் கவரைத் தூக்கிப் போடாதீர்கள், வந்து சேர்ந்த தேதியை அதன்மேல் குறியுங்கள். எதிர்த்தரப்புக்குப் போன் போட்டு மன்னிப்பு கேட்கவும் வேண்டாம், சண்டை பிடிக்கவும் வேண்டாம். துறைத்தலைவர் வழியாக ஒரு வக்கீலிடம் கொண்டு போங்கள். பயத்தில் வீடியோவையோ குறிப்பையோ அழித்தால் உங்கள் சாட்சியை நீங்களே கொன்றதாகும். தவறு உங்களுடையது என்றால், வக்கீலைக் கேட்டுக்கொண்டு, செய்தி வந்த அதே இடத்தில் திருத்தம் போடுங்கள்.

சிவில் வழக்குப் போட வெளியான நாளிலிருந்து 1 ஆண்டு அவகாசம், கிரிமினல் புகாருக்கு 3 ஆண்டு. படிப்பு முடிந்து போகும்போது குறிப்பு நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடாமல் 3 ஆண்டு வைத்திருங்கள். பேட்டி ஒலிப்பதிவின் மூலக் கோப்பு, பதிவு செய்த போனிலேயே இருக்கட்டும். வாட்ஸாப்பில் அனுப்பிச் சேமித்தது மூலமாகாது, கோப்பு மாறியிருக்கக்கூடும். மின்னணுச் சாட்சியத்துக்குப் பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் கேட்கும்போது அங்கேதான் மாட்டுவீர்கள்.