ஆயரா, பேராயரா? அழைப்பிதழிலும் மனுவிலும் திருச்சபைப் பட்டங்களைச் சரியாக எழுத

ஆலயப் பிரதிஷ்டைக்கோ திருவிழாவுக்கோ அழைப்பிதழ் அடிக்கும்போது ஆட்களை அதிகம் தடுமாற வைக்கும் சொல் 'பேராயர்'. கத்தோலிக்கருக்குப் பேராயர் என்றால் ஆர்ச்பிஷப். சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்தியத் திருச்சபையிலும் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையிலும் பேராயர் என்றால் பிஷப். 'ஆயர்' என்பதிலும் இதே சிக்கல்தான். கத்தோலிக்கருக்கு அவர் பிஷப். சென்னைப் பக்கத்து சி.எஸ்.ஐ. சபைகளிலும் பல பெந்தெகொஸ்தே சபைகளிலும் உள்ளூர்ச் சபையை நடத்துகிற போதகரே ஆயர். சொற்கள் இரண்டும் பொதுவானவை, குறிக்கும் பதவி மட்டும் ஒரு படி ஏறி இறங்குகிறது. பெயருக்கு முன்னால் எதை எழுதுவது என்று யோசிப்பதற்கு முன், அவர் எந்தத் திருச்சபையைச் சேர்ந்தவர் என்று கேட்டுவிடுங்கள். பாதிப் பிழை அங்கேயே தீரும்.

கேட்க ஆள் இல்லாவிட்டால் கடிதத்தாளின் தலைப்பைப் பாருங்கள். 'மறைமாவட்டம்' என்றிருந்தால் கத்தோலிக்கம், அதன் தலைவர் ஆயர். 'உயர்மறைமாவட்டம்' என்றிருந்தால் அதுவும் கத்தோலிக்கம்தான், ஆனால் தலைவர் பேராயர். தமிழ்நாட்டையும் புதுச்சேரியையும் சேர்த்து இலத்தீன் முறையில் இப்படி மூன்றுதான் உண்டு: சென்னை–மயிலை, மதுரை, புதுவை–கடலூர். 'திருமண்டலம்', 'பேராயம்' என்று இருந்தால் சி.எஸ்.ஐ. கீழ்மட்டத்திலும் இந்த அடையாளம் தெரியும். கத்தோலிக்கர் 'பங்கு', 'பங்குத்தந்தை' என்பார்கள். திருநெல்வேலி சி.எஸ்.ஐ.யில் 'சேகரம்', 'சேகரகுரு' என்பார்கள். வேறு சில திருமண்டலங்களில் அது 'குருசேகரம்'.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். இங்கே இலத்தீன் முறை அல்லாத, சிரியாக் வழிபாட்டு மரபைச் சேர்ந்த கத்தோலிக்க மறைமாவட்டங்களும் உண்டு. தக்கலை சீரோ மலபார் மறைமாவட்டமும் மார்த்தாண்டம் சீரோ மலங்கரா மறைமாவட்டமும் 1996இல் உருவானவை. இவற்றின் ஆயர்கள் பெயருக்கு முன்னால் வரும் 'மார்' பெயரின் பகுதி அல்ல, சிரியாக் மொழியில் தலைவரைக் குறிக்கும் மரியாதைச் சொல். அதை முதலெழுத்து என்று நினைத்து 'மா.' என்று சுருக்கிவிடாதீர்கள்.

பழைய கல்வெட்டையும் பதிவேட்டையும் படிக்கும்போது

பிஷப் என்ற பதவிக்குத் தமிழில் குறைந்தது நான்கு சொற்கள் புழங்கியிருக்கின்றன. எந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பழைய ஞானஸ்நானச் சீட்டைப் பிழையில்லாமல் மொழிபெயர்க்கலாம்.

மூலச் சொல் கிரேக்க மொழியின் 'எபிஸ்கோப்போஸ்', மேலிருந்து பார்த்துக்கொள்கிறவர் என்று பொருள். புராட்டஸ்டண்ட் தமிழ் வேதாகமம் இதை நேராகக் 'கண்காணி' என்று பெயர்த்தது. அப்போஸ்தலர் 20:28லும் பிலிப்பியர் 1:1லும் இன்றும் அதைப் பார்க்கலாம். அழகான, பொருத்தமான சொல். ஆனால் பட்டப்பெயராக அது நிலைக்கவில்லை. தேயிலைத் தோட்டத்துக் கங்காணியும் இதே சொல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், ஆலயக் கல்லில் அதை யாரும் பொறிக்காதது புரியும்.

சீர்திருத்தச் சபைகள் பட்டப்பெயராக எடுத்துக்கொண்டது 'அத்தியட்சர்'. வடமொழி 'அத்யக்ஷ' என்பதிலும் கண் இருக்கிறது. மேலே கண் வைத்திருப்பவர் என்ற பொருள்தான். அவருடைய எல்லைக்கு 'அத்தியட்சாதீனம்' என்று பெயர். இந்தச் சொற்கள் கல்லில் இருந்தால் பிஷப், டயோசீஸ் என்று தயங்காமல் மொழிபெயர்க்கலாம்.

கத்தோலிக்கப் பதிவேடுகளில் நிற்கும் சொல் 'மேற்றிராணியார்'. இங்கேதான் மொழிபெயர்ப்பாளர்கள் வழுக்குகிறார்கள். இது மலையாளத்து 'மெத்ரான்' வழியாக சிரியாக்கிலிருந்து வந்தது. அதற்கும் பின்னால் இருப்பது தாய்நகரத்துத் தலைவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல், அதாவது மெட்ரோபாலிட்டன். வேரைப் பார்த்துவிட்டு 'மேற்றிராணியார்' என்ற இடத்தில் மெட்ரோபாலிட்டன் என்று போட்டால் தவறு. தமிழில் அது சாதாரண பிஷப்பையே குறித்தது. ஆர்ச்பிஷப்புக்கு 'அதிமேற்றிராணியார்' என்று தனியாக எழுதினார்கள். 'மேற்றிராசனம்' என்றால் மறைமாவட்டம்.

பிறகு வந்தது 'ஆயர்'. ஆ என்றால் பசு; ஆயர் முல்லை நிலத்து மேய்ப்பர். கத்தோலிக்க மொழிபெயர்ப்பில் இயேசு 'நல்ல ஆயன் நானே' என்கிறார், புராட்டஸ்டண்ட் வேதாகமத்தில் 'நானே நல்ல மேய்ப்பன்' என்கிறார். மேய்ப்புப் பணி பிஷப்புக்கு உரியது என்று எடுத்துக்கொண்டால் ஆயர் பிஷப் ஆகிறார், ஆர்ச்பிஷப் பேராயர் ஆகிறார். அதே பணியைச் சபைப் போதகரிடம் வைத்துப் பார்த்தால் போதகர் ஆயர், பிஷப் பேராயர். இரண்டு வழக்கும் அதனதன் இடத்தில் சரியே. அழைப்பிதழில் இரண்டையும் கலப்பதுதான் பிழை.

பிரதமப் பேராயர் ஆர்ச்பிஷப் அல்ல

சி.எஸ்.ஐ. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தொடங்கியது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் மரபுகள் அதில் ஒன்றாயின. ஆங்கிலிக்கன் மரபில் பிஷப் உண்டு. பிரெஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் சபைகள் பிஷப் இல்லாமலே நடந்தவை. இணைந்தபோது பிஷப்பை ஏற்றுக்கொண்டார்கள், ஆனால் பிஷப்புகளுக்கு மேலே ஆர்ச்பிஷப் என்று ஒருவரை வைக்கவில்லை. ஸ்காட்லாந்து பிரெஸ்பிட்டேரியன் சபையின் பொதுப்பேரவைத் தலைவருக்கு வழங்கிய 'மாடரேட்டர்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்கள். கூட்டத்தை நெறிப்படுத்துகிறவர் என்பது அதன் பொருள். தமிழில் அவரைப் பிரதமப் பேராயர் என்கிறோம்.

மாடரேட்டரை சி.எஸ்.ஐ.யின் உச்சப் பேரவையான சினாடு, பிஷப்புகளுக்குள்ளிருந்து, குறிப்பிட்ட காலத்துக்குத் தேர்ந்தெடுக்கிறது. அந்தக் காலத்திலும் அவர் தன் திருமண்டலத்தின் பேராயராகவே இருப்பார். எனவே அழைப்பிதழில் 'தென்னிந்தியத் திருச்சபையின் பிரதமப் பேராயர்' என்பதையும் அவருடைய திருமண்டலத்தையும் இரண்டு வரியாகப் போடுவதே முறை. ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது மாடரேட்டர் என்று எழுத வேண்டும், ஆர்ச்பிஷப் கூடாது.

ஒரு திருமண்டலத்தில் பேராயர் இடம் காலியானால் மாடரேட்டர் தன் சார்பில் ஒருவரை 'கமிஷரி'யாக அனுப்புவார். அவர் இன்னொரு திருமண்டலத்தின் பேராயராகவும் இருக்கலாம். அந்தச் சமயத்தில் அவரை வந்த இடத்தின் பேராயர் என்று எழுதாமல் 'மாடரேட்டர் கமிஷரி' என்று எழுதுங்கள். கல்லில் பொறிப்பதாக இருந்தால் இது முக்கியம், ஐம்பது வருடம் கழித்துப் பேராயர் வரிசையைக் கணக்கெடுப்பவர் அந்தக் கல்லை நம்புவார்.

முதன்மைக்குருவும் தேதியும்

கத்தோலிக்க நிர்வாகத்தில் ஆயருக்கு அடுத்து நிற்பவர் முதன்மைக்குரு, ஆங்கிலத்தில் விகார் ஜெனரல். இலங்கையில் அவரைக் குருமுதல்வர் என்பார்கள். 'விகார்' என்பது இலத்தீன் 'விகாரியுஸ்', பிறர் சார்பில் நிற்பவர். ரோமப் பேரரசில் பல மாகாணங்கள் சேர்ந்த பெரும்பிரிவின் பெயர் 'தியோசேசிஸ்', அதை ஆண்ட அதிகாரி விகாரியுஸ். சர்க்காரின் இரண்டு சொற்களையும் திருச்சபை எடுத்துக்கொண்டது. நாமும் அதைத்தான் செய்தோம்: மாவட்டத்திலிருந்து மறைமாவட்டம், வட்டத்திலிருந்து மறைவட்டம். பல பங்குகளைச் சேர்த்த மறைவட்டத்துக்கு மறைவட்ட அதிபர் இருப்பார்.

1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் ஆயர் ஒரு முதன்மைக்குருவை நியமித்தே ஆக வேண்டும். அவருக்கு 30 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆயருக்கு நெருங்கிய இரத்த உறவாக இருக்கக் கூடாது. நிர்வாகச் செயல்களில் ஆயருக்குரிய அதிகாரம் பெரும்பாலும் இவருக்கும் உண்டு. ஆகவே கலப்பு மணத்துக்கான விதிவிலக்கு போன்றவற்றில் இவருடைய கையொப்பம் செல்லும்.

ஆனால் அந்த அதிகாரம் ஆயரைச் சார்ந்தது. ஆயர் இறந்தாலோ, அவருடைய பதவி விலகலைத் திருத்தந்தை ஏற்றுக்கொண்டாலோ, முதன்மைக்குருவின் பதவியும் முடிகிறது. துணை ஆயரே முதன்மைக்குருவாக இருந்தால் அவர் அதிகாரம் தொடரும். மற்றபடி ஆலோசகர் குழு 8 நாளுக்குள் மறைமாவட்ட நிர்வாகியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உரோமையே நேரடியாக ஒருவரை நியமித்தால் அவர் திருத்தூது நிர்வாகி. ஆயர் இடம் காலியாக இருக்கும் நாளில் 'முதன்மைக்குரு' என்ற முத்திரையோடு ஒரு அனுமதிக் கடிதம் உங்கள் கைக்கு வந்தால், கல்யாண ஓலை (ஆலயத்தில் படிக்கும் திருமண அறிவிப்பு) வாசிக்கக் கொடுப்பதற்கு முன் தேதியைப் பார்த்து ஆயர் இல்லத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். அங்கே பிழை நேர்ந்தால் திருமணத்தின் செல்லுபடியே கேள்வியாகலாம்.

'மொன்சிஞ்ஞோர்' என்பதையும் பதவி என்று நினைத்துவிடுகிறார்கள். அது குருவுக்குத் திருத்தந்தை தரும் கௌரவம், நிர்வாக அதிகாரம் எதுவும் அதோடு வராது. மறைமாவட்டக் குருக்களுக்கு 65 வயதுக்குப் பிறகே அதை வழங்குவது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2014இல் வரையறுத்தார்.

மனு யாருக்கு?

கத்தோலிக்கப் பேராயர் தன் திருச்சபை மாநிலத்தில் (பல மறைமாவட்டங்கள் சேர்ந்த தொகுதி) உள்ள மற்ற மறைமாவட்டங்களை நிர்வகிப்பவர் அல்ல. கோட்டாறு பங்கு ஒன்றின் விவகாரத்தை மதுரைப் பேராயருக்கு எழுதினால் அது பெரும்பாலும் கோட்டாறுக்கே திரும்பும். ஞானஸ்நானச் சான்று வேண்டுமென்றால் ஞானஸ்நானம் நடந்த பங்கின் பங்குத்தந்தைக்கு எழுதுங்கள், இப்போது குடியிருக்கும் பங்கு அல்ல. வெளிநாட்டுக்கு அனுப்ப மேலொப்பம் தேவைப்பட்டால் அடுத்து ஆயர் இல்லத்துச் சான்சலர். ஆவணக் காப்பு அவர் பொறுப்பு.

முகவரியில் வருவாய் மாவட்டத்தை வைத்து மறைமாவட்டத்தை ஊகிக்காதீர்கள். உவரி திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கிறது, மறைமாவட்டம் தூத்துக்குடி. வேளாங்கண்ணி நாகப்பட்டினம் மாவட்டம், மறைமாவட்டம் தஞ்சாவூர்.

திருநெல்வேலி போன்ற சி.எஸ்.ஐ. திருமண்டலத்தில் முதல் கடிதம் சேகரகுருவுக்கு. அதற்கு மேல் பல சேகரங்கள் சேர்ந்த சபைமன்றத்தின் தலைவர், பிறகு திருமண்டல அலுவலகம். குருமார் சம்பந்தப்பட்டது குருத்துவச் செயலருக்குப் போகும். பொது நிர்வாகத்தைக் கவனிப்பவர் லே செயலர். 'லே' என்பது குருப்பட்டம் பெறாத சபையாரைக் குறிக்கும் சொல், மக்கள் என்று பொருள்படும் கிரேக்க 'லாவோஸ்' அதன் வேர். உதவிச் செயலர் என்று அதை மொழிபெயர்த்துவிடாதீர்கள்.

ஓய்வு பெற்றவருக்கு ஆயர், பேராயர் என்ற பட்டம் போவதில்லை. பெற்ற திருநிலைப்பாடு (அபிஷேகம்) நிற்கும், பதவிதான் முடியும். 'முன்னாள் ஆயர்' என்று மொட்டையாக எழுதினால் குருப்பட்டமே பறிபோனதுபோல் ஒலிக்கும். 'மேதகு ஆயர்' என்று போட்டுப் பெயரை எழுதி, அடுத்த வரியில் 'மேனாள் ஆயர், இன்ன மறைமாவட்டம்' என்று எழுதுங்கள்.