இடைக்கால ருஸ்: ஆய்வு சறுக்கும் இடங்கள்

இடைக்கால ருஸ் (கீவை மையமாகக் கொண்டிருந்த கிழக்கு ஸ்லாவிய இளவரசர்களின் நாடு) பற்றி முதல் கட்டுரை எழுதுபவர்கள் அதே குழிகளில்தான் திரும்பத் திரும்ப விழுகிறார்கள். பெயர் உச்சரிப்பு, அடிக்குறிப்பு வடிவம் எல்லாம் பதிப்பாசிரியர் திருத்திவிடுவார். வாதத்தையே சாய்த்துவிடும் தவறுகள் வேறு.

5508-ஐக் கண்ணை மூடிக்கொண்டு கழிப்பது

ருஸ் ஆண்டுக்குறிப்பேடுகள் உலகம் படைக்கப்பட்டதிலிருந்து ஆண்டை எண்ணுகின்றன. 5508-ஐக் கழித்தால் கி.பி. ஆண்டு வந்துவிடும் என்று பலர் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். சரிபார்க்கச் சில நிமிடங்களே போதும் என்பதால்தான் இது இன்னும் எரிச்சலூட்டுகிறது.

ஏடுகளில் மூன்று கணக்குகள் கலந்து கிடக்கின்றன. மார்ச்சில் தொடங்கும் மார்ச் ஆண்டு என்றால் மார்ச் முதல் டிசம்பர் வரை கழிக்க வேண்டியது 5508, ஜனவரி, பிப்ரவரிக்கு 5507. மிகை மார்ச் ஆண்டும் மார்ச்சில்தான் தொடங்கும், ஆனால் அதன் எண் ஒன்று கூடுதலாக இருக்கும். அதற்கு முறையே 5509, 5508. செப்டம்பரில் தொடங்கும் பைசாந்தியப் பேரரசின் செப்டம்பர் ஆண்டுக்கு செப்டம்பர் முதல் டிசம்பர் வரை 5509, மற்ற மாதங்களுக்கு 5508.

இளவரசர் ஈகோர், புல்வெளி நாடோடிகளான போலோவ்த்சியர்மீது படையெடுத்ததை இபாத்திய ஏடு 6693-இல் வைக்கிறது, லவ்ரெந்திய ஏடு 6694-இல் வைக்கிறது. இரண்டிலும் 5508-ஐக் கழித்தால் 1185, 1186 என இரண்டு படையெடுப்புகள் முளைக்கும். நடக்காத போரின்மேல் கூட்டணி அரசியல் பற்றிய ஓர் அத்தியாயமே எழும்பிவிடும். விடை லவ்ரெந்திய ஏட்டிலேயே இருக்கிறது: மே 1, புதன்கிழமை, சூரியனில் அறிகுறி. ஜூலியன் நாட்காட்டிப்படி 1186 மே 1 வியாழன், 1185-இல்தான் புதன். கிரகணமும் அந்த ஆண்டுதான். ஆகவே இந்தப் பதிவு மிகை மார்ச். கழிக்க வேண்டியது 5509.

இந்த விடையை அதே ஏட்டின் அடுத்த பகுதிக்கும் நீட்டாதீர்கள். தொகுத்தவர்கள் வெவ்வேறு மூலங்களை ஒட்டியிருப்பதால் கணக்கு நடுவில் மாறும். பதிவுக்குப் பதிவு கிழமை, கிரகணம், ஈஸ்டர் போன்ற நகரும் திருநாள் ஆகியவற்றைத் தேடுங்கள். பிறகு 1963-இல் வெளியான பெரெஷ்கோவின் காலக்கணிப்பு ஆய்வோடு ஒப்பிடுங்கள்.

862-க்கு நேரடிச் சாட்சி தேடுவது

ருஸ் இளவரசர் குடும்பத்தின் மூதாதையாகச் சொல்லப்படும் ரூரிக், 862-இல் ஆள்வதற்கு அழைக்கப்பட்ட கதை 1110-களில் கீவில் தொகுக்கப்பட்ட ஏட்டில் வருகிறது. நம் கையிலுள்ள அதன் பழைய பிரதி 1377-ஐச் சேர்ந்தது. தொகுத்த காலத்து இளவரசர் குடும்பம் தன் உரிமையை எப்படி நிறுவியது என்பதற்கு அது அருமையான சான்று. 9-ஆம் நூற்றாண்டுக்கு, 839-இல் 'ரோஸ்' மக்களைக் குறிப்பிடும் பிராங்கியரின் பெர்த்தீனிய ஆண்டுக்குறிப்புகளிலிருந்து தொடங்குங்கள்.

அப்பாவுக்குப் பின் மகன்

கீவ் அரியணை எப்போதும் அப்பாவிடமிருந்து மகனுக்கே போனது என்று எழுதாதீர்கள். அது தம்பிக்கும் போகும்.

மரப்பட்டைக் கடிதங்களை ருஸ் முழுவதற்கும் நீட்டுவது

1951 முதல் கிடைத்துவரும் பூர்ச்ச மரப்பட்டைக் கடிதங்கள் ஆயிரத்துக்கும் மேல். மிகப் பெரும்பாலானவை வடக்கு ருஸின் நகரமான நோவ்கோரத் மண்ணிலிருந்து வந்தவை. அங்கே ஈர மண் பட்டையை மக்கவிடவில்லை. கீவில் கிடைக்கவில்லை என்பதை வைத்து அங்கே எழுதத் தெரிந்தவர் குறைவு என்று எழுதாதீர்கள்.