புரட்டாசியில் சிம்பன்சி பார்க்கப் போகிறவர்களுக்கு

நம் தென்னாப்பிரிக்காவில் காட்டுச் சிம்பன்சி கிடையாது. க்ரூகர் வனவிலங்குப் பூங்காவில் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் அவர் பார்த்தது பபூன் குரங்கு. நெல்ஸ்பிரைட் பக்கம் சிம்ப் ஈடன் என்ற சரணாலயத்தில் மீட்டெடுத்த சிம்பன்சிகளை வைத்துப் பராமரிக்கிறார்கள், வசதியும் நேரமும் குறைவு என்றால் அதுவே போதும். காட்டில்தான் பார்ப்பேன் என்கிறவர்கள் தான்சானியாவின் மேற்குக் கோடிக்கு, தாங்கனீக்கா ஏரிக்கரைக்குப் போக வேண்டும். அங்கே இரண்டு பூங்காக்கள். கோம்பே, 1960இல் சிம்பன்சி ஆராய்ச்சியாளர் ஜேன் குடால் போய் இறங்கிய இடம், சின்னது. கிகோமா ஊரிலிருந்து படகில் போய்விடலாம். நான் போனது அதற்கும் தெற்கே உள்ள மஹாலே. ஏறத்தாழ 1,600 சதுர கிலோமீட்டர் மலைக்காடு, உள்ளே ஒரு ரோடுகூட இல்லை. 1965 முதல் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்துக்காரர்கள் அங்கே ஆராய்ச்சி செய்துவருவதால் சுமார் அறுபது சிம்பன்சிகள் உள்ள ஒரு கூட்டம் மனிதர்களைக் கண்டு ஓடாமல் பழகியிருக்கிறது. நீங்கள் பார்க்கப்போவது அந்தக் கூட்டத்தைத்தான்.

ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை போங்கள். மழை இல்லாத காலம், சிம்பன்சிகளும் மலையிலிருந்து ஏரிப்பக்கம் இறங்கி வரும், நடை குறையும். ஜூலை ஸ்கூல் லீவில் போகலாமே என்று தோன்றும், ஆனால் டர்பனில் பாதிப் பேர் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும் மாதம் அது. ஏன் அதைச் சொல்கிறேன் என்பது கீழே வரும்.

செப்டம்பர் நடுவில் போனால் புரட்டாசி. நம் வீடுகளில் அந்த மாதம் கவிச்சி கிடையாது, அதை மஹாலேயில் தங்கப்போகும் முகாமில் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். வெறுமனே சைவம் என்றால் முட்டை வரும், எலும்பு வேகவைத்த சூப் வரும், அதனால் இன்னின்னது வேண்டாம் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். கவலைப்பட ஒன்றுமில்லை, பீன்ஸ் குழம்பும் சோறும் சப்பாத்தியும் அந்த நாட்டின் அன்றாடச் சாப்பாடு. ஒரு சின்ன பாட்டில் மாங்காய் ஊறுகாய் மட்டும் கொண்டுபோங்கள். கடைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுபோகாதீர்கள், 2019 ஜூன் முதல் தான்சானியாவில் அதற்குத் தடை, துணிப்பைதான்.

டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க், அங்கிருந்து தார் எஸ் சலாம், அப்புறம் சின்ன விமானம். வாரத்தில் ஓரிரு நாள்தான் அது மஹாலேக்குப் போகும், ஆகவே முதலில் அந்தத் தேதியைப் பிடித்துவிட்டு மற்ற டிக்கெட்டுகளைப் போடுங்கள். கைப்பையோடு சேர்த்து 15 கிலோ, சக்கரம் வைத்த பெட்டி ஆகாது, மெத்தென்ற துணிப்பை வேண்டும். நம் தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம். ஆனால் நுழைவுக் கட்டணச் சலுகை கிழக்கு ஆப்பிரிக்கர்களுக்குத்தான், நாம் வெளிநாட்டார் கணக்கில் கட்ட வேண்டும். மலேரியா மாத்திரை கட்டாயம். நைரோபி வழியாகப் போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட அட்டையையும் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த மூக்கு விஷயம். நம் சளி சிம்பன்சிகளுக்குத் தொற்றும், நமக்கு மூன்று நாள் தும்மல் என்பது அவற்றுக்குச் சாவு. 2006இல் மஹாலேயில் சுவாச நோய் பரவிச் சிம்பன்சிகள் செத்திருக்கின்றன. அதனால்தான் முகக்கவசம், 10 மீட்டர் இடைவெளி, பார்க்க ஒரு மணி நேரம்தான், ஆறு பேருக்கு மேல் கூடாது, 12 வயதுக்குக் கீழே பிள்ளைகள் கூடாது என்று இத்தனை கட்டுப்பாடு. எங்களோடு வந்த மச்சான் ஜோகன்னஸ்பர்க்கிலேயே இருமத் தொடங்கினார், தொண்டை வறட்சி என்று சமாளித்தார், வழிகாட்டி ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்காரச் சொல்லிவிட்டார். நான்கு நாளும் மனிதர் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். காசு திரும்பவில்லை, எனக்கும் அதில் வருத்தமில்லை. பதிவு செய்யும்போதே உடம்பு சரியில்லை என்றால் என்ன ஆகும் என்று கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

குறைந்தது மூன்று இரவு தங்குங்கள். விடியற்காலையில் தடம் பார்ப்பவர்கள் முன்னே போய் ரேடியோவில் சொல்வார்கள், நீங்கள் பின்னால் நடப்பீர்கள். எங்களுக்கு முதல் நாள் ஐந்து மணி நேரம் ஏறியும் கூச்சல் மட்டும்தான் கேட்டது, மறுநாள் முகாமிலிருந்து இருபது நிமிடத்தில் பாதையிலேயே உட்கார்ந்திருந்தன. பேண்ட் காலைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள், எறும்பு ஏறினால் தெரியும். ஃபிளாஷ் வேண்டாம், அவற்றின் பக்கத்தில் சாப்பிட வேண்டாம். பெரிய ஆண் சிம்பன்சி மயிர் சிலிர்த்துக் கிளையை இழுத்துக்கொண்டு ஓடிவந்தால் ஓடாதீர்கள், ஒதுங்கி ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள், அது உங்களுக்காக ஓடவில்லை.

கேமராவைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக் கைகளைப் பாருங்கள். இரண்டு எதிரெதிரே உட்கார்ந்து, ஆளுக்கொரு கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கோத்துக்கொண்டு, மறுகையால் ஒன்றின் அக்குளில் இன்னொன்று பேன் பார்க்கும். கோம்பேயில் இந்தப் பழக்கம் இல்லையாம், இந்த ஊர் வழக்கம். வயிற்றில் பூச்சி வந்தால் ஒரு கசப்புச் செடியின் தண்டை உரித்து உள்சாற்றை உறிஞ்சுவதையும் ஆராய்ச்சியாளர்கள் இங்கேதான் கண்டுபிடித்தார்கள். டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஆயா வேப்பங்கொழுந்தை அரைத்து உருட்டி வாயில் திணித்ததுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

ஏரி கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனால் முதலையும் நீர்யானையும் உண்டு, கேட்காமல் இறங்காதீர்கள். திரும்பும் நாளில் சின்ன விமானம் தாமதமாகலாம், அதனால் தார் எஸ் சலாமில் ஒரு இரவு விட்டுவிட்டு ஜோகன்னஸ்பர்க் டிக்கெட்டைப் போடுங்கள்.