முழுச் சார்ஜில் மட்டும் அணைந்த ரிசீவர்

என் 12 வோல்ட் வயர்லெஸ் வீடியோ ரிசீவரைக் கேமராவின் வி-மவுண்ட் பேட்டரியிலுள்ள (கேமராவின் பின்புறம் மாட்டும் பெரிய பேட்டரி) டி-டேப் என்ற மின் வெளியீட்டுத் துளையிலிருந்தே இயக்கிவந்தேன். பேட்டரி பாதி தீர்ந்த நிலையில் ஒழுங்காக ஓடிய ரிசீவர், புதிதாகச் சார்ஜ் செய்த பேட்டரியை மாட்டியவுடன் அணைந்துவிடும். டி-டேப்பில் மல்டிமீட்டரை வைத்தபோது 16.7 வோல்ட் காட்டியது; 12 வோல்ட் ரிசீவருக்கு அது அதிகம். பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் 14.4 வோல்ட் என்பது பெயரளவு மதிப்புதான்: உள்ளே தொடராக இணைந்த நான்கு லித்தியம் அயான் செல்கள் முழுச் சார்ஜில் தலா 4.2 வோல்ட் தருவதால் மொத்தம் 16.8 வரை ஏறும், தீரும் தறுவாயில் 12க்கு அருகே இறங்கும்; டி-டேப் பெரும்பாலும் அதை அப்படியே வெளியே விடும்.

மின்னழுத்தத்தைக் குறைக்க மட்டுமே தெரிந்த பக் கன்வர்ட்டர் மலிவுதான். ஆனால் உள்ளீடு வெளியீட்டைவிடச் சற்று உயர்ந்திருந்தால்தான் அது சரியாக வேலை செய்யும் என்பதால், பேட்டரி தீரும் நேரத்தில் கைவிட்டுவிடும். ஆகவே கூட்டவும் குறைக்கவும் வல்ல பக்-பூஸ்ட் கன்வர்ட்டரை எடுத்தேன். ரிசீவரை இணைக்கும் முன்பே, கன்வர்ட்டரின் வெளியீட்டை மாற்றும் பொடித் திருகை மெல்லத் திருப்பி, மீட்டரில் 12.0 வந்ததும், அசையாதிருக்க ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்தேன். நேர்முனை வயரில் ஃபியூஸும் சேர்த்தேன். இப்போது பேட்டரி எந்த நிலையிலிருந்தாலும் ரிசீவர் அணைவதில்லை. கன்வர்ட்டர் மட்டும் லேசாகச் சூடாகிறது.