24 மணி நேரச் சிறுநீர் சேகரிப்பு: முதல் சிறுநீர் கேனுக்குள் போகக் கூடாது

டர்பன் லேப் அறிக்கையில் கிரியாட்டினின் 88 என்று பார்த்ததும் சிலர் பதறிவிடுவார்கள். சென்னையில் இருக்கும் மாமாவுக்கு 1தானே வந்தது! இரண்டும் ஒன்றுதான். தென்னாப்பிரிக்காவில் லிட்டருக்கு மைக்ரோமோல் என்று எழுதுகிறார்கள், அதை 88.4ஆல் வகுத்தால் இந்தியக் கணக்கு (டெசிலிட்டருக்கு மில்லிகிராம்) வந்துவிடும்.

கிரியாட்டினின் தசையின் கழிவு. சிறுநீரகம் அதை வடிகட்டியபின் திரும்ப உறிஞ்சுவதில்லை. அதனால்தான் வடிகட்டும் திறனை அளக்க அது உதவுகிறது. வழக்கமாக ரத்த அளவு, வயது, பாலினம் வைத்தே லேப் ஒரு மதிப்பீடு தரும். அந்தக் கணக்கு சராசரித் தசையை நம்பியது. உடற்பயிற்சியில் தசை ஏற்றியவர், மெலிந்துபோனவர், கால் இழந்தவர் இவர்களுக்குப் பிசகும். அப்போதுதான் ஒருநாள் சிறுநீரை முழுதும் சேகரிக்கச் சொல்லி டாக்டர் கேனைக் கையில் கொடுப்பார்.

காலை 7 மணிக்கு எழுந்ததும் போகும் சிறுநீரைக் கழிப்பறையிலேயே விட்டுவிட்டு, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அது முந்தின இரவின் கணக்கு. அதற்குப் பிறகு பகலிலும் இரவிலும் போவது ஒரு சொட்டு விடாமல் கேனுக்குள். மறுநாள் 7 மணிக்கு முட்டாவிட்டாலும் போய், அதையும் சேர்த்து முடியுங்கள். மலம் கழிக்கும் முன் சிறுநீரைத் தனியாகப் பிடித்துவிடுங்கள். டர்பன் கோடையில் கேன் ஃபிரிட்ஜில் இருக்கட்டும். ரத்தமும் அதே 24 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். முந்தின இரவு மட்டன் கறியும் மட்டன் பன்னி சௌவும் (ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பியது) வேண்டாம். வெந்த இறைச்சி ரத்தக் கிரியாட்டினினை ஏற்றும். காவடி எடுக்கும் நாளிலும், மாதவிடாயிலும் தள்ளிப்போடுங்கள்.

வடிகட்டும் திறனின் கணக்கு எளிது: சிறுநீர்க் கிரியாட்டினினை மொத்த மில்லிலிட்டரால் பெருக்கி, 1440 நிமிடத்தாலும் ரத்தக் கிரியாட்டினினாலும் வகுக்க வேண்டும். கிரியாட்டினின் லிட்டருக்குச் சிறுநீரில் 8000 மைக்ரோமோல், ரத்தத்தில் 100, சிறுநீரின் அளவு 1500 மில்லி என்றால் நிமிடத்துக்கு 83 மில்லி. காலையின் முதல் சிறுநீர் 300 மில்லியைத் தப்பாகச் சேர்த்தால், அடர்த்தி மாறாவிட்டாலும் 100 ஆகிவிடும். பழுதான சிறுநீரகம் நல்லதாகத் தெரியும். ராத்திரி தூக்கத்தில் 300 மில்லியை விட்டுவிட்டால் 67, வீண் பயம்.

சேகரிப்பு முழுமையா என்று பார்க்க ஒரு வழி உண்டு. மேலே சொன்னதில் ஒருநாள் கிரியாட்டினின் 12,000 மைக்ரோமோல். 65 கிலோ ஆணுக்குக் கிலோவுக்கு 185 வருகிறது. ஆண்களுக்கு ஏறக்குறைய 177 முதல் 221 வரை, பெண்களுக்கு 133 முதல் 177 வரை எதிர்பார்க்கலாம். தசை குறைந்த முதியவருக்கு இதைவிடக் குறையும். ஆரோக்கியமான இளைஞருக்குக் கிலோவுக்கு 100 வந்தால் கேனைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இன்னொன்று: சிறுநீரகக் குழாய்கள் கொஞ்சம் கிரியாட்டினினைத் தாமாகவும் வெளியே தள்ளுகின்றன. ஆகவே இந்தச் சோதனை உண்மையான வடிகட்டலைவிட 10 முதல் 20 சதவீதம் கூடுதலாகக் காட்டலாம். சிறுநீரகம் பழுதாக ஆக இந்த வித்தியாசம் பெரிதாகும். கோ-ட்ரைமோக்சசோல் (கிருமிக்கொல்லி), டோலுடெக்ராவிர் (எச்ஐவி மருந்து) மாத்திரைகள் இந்தத் தள்ளலைத் தடுப்பதால், வடிகட்டல் குறையாமலேயே ரத்தக் கிரியாட்டினின் ஏறும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், படிவத்தில் பெயரை எழுதிக் கொடுங்கள்.