புதுப் போனில் வங்கி ஆப் உள்ளே விடவில்லையா? ஒவ்வொரு படியாகச் சரிசெய்யலாம்

போன் மாற்றியவர்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சொல்லித்தான் புலம்புகிறார்கள். வாட்ஸ்அப் வந்துவிடும், படங்கள் வந்துவிடும், வங்கி ஆப் மட்டும் வராது. ‘சரிபார்ப்பு தோல்வி, மீண்டும் முயற்சிக்கவும்’ என்று ஒரு வரி காட்டும். எது தோற்றது, எதை மாற்றி முயல வேண்டும் என்று ஒரு வார்த்தை இருக்காது. நாலு தடவை அழுத்திப் பார்த்தால் சில ஆப்கள் அன்றைக்குப் பூட்டியே விடும். மருத்துவமனையில் பணம் கட்ட நிற்பவருக்கு அந்த நேரம் எப்படி இருக்கும் என்று வங்கிகள் யோசிக்க வேண்டும்.

சோதனையே கூடாது என்று நான் சொல்லவில்லை, அது அவசியம்தான். ஆனால் அது எதைப் பார்க்கிறது என்று வாடிக்கையாளருக்கு யாரும் சொல்வதில்லை. அதை முதலில் பார்த்துவிடுவோம்.

உள்ளே என்ன நடக்கிறது?

ஆப்பைத் திறந்து ‘தொடர்க’ என்பதை அழுத்தியதும் உங்கள் போனிலிருந்து வங்கியின் எண்ணுக்கு ஒரு எஸ்எம்எஸ் போகிறது. எழுத்தும் எண்ணும் கலந்து, படித்தால் ஒன்றும் புரியாத நீளமான ஒரு வரி அதில் இருக்கும். அது எந்த எண்ணிலிருந்து வந்தது என்று வங்கியின் கணினி பார்க்கும். உங்கள் கணக்கில் பதிந்த எண்ணோடு பொருந்தினால், ‘இந்த சிம் இந்தப் போனில் இருக்கிறது’ என்று இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிடும். இதைத்தான் சிம் பைண்டிங் என்கிறார்கள்.

ஓடிபி வங்கியிலிருந்து உங்களுக்கு வருவது. இந்த எஸ்எம்எஸ் உங்களிடமிருந்து வங்கிக்குப் போவது. ‘ஓடிபி எல்லாம் ஒழுங்காக வருகிறதே, ஆப் மட்டும் ஏன் படுத்துகிறது?’ என்று கேட்பவர்களுக்கு விடை பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. போக வேண்டிய எஸ்எம்எஸ் போயிருக்காது.

படி 1: கணக்கில் இருப்பது எந்த எண்?

ஏடிஎம்மில் பணம் எடுத்தால் எந்த எண்ணுக்குக் குறுஞ்செய்தி வருகிறதோ அதுதான் பதிவான எண் என்று எடுத்துக்கொள்ளலாம். சந்தேகமாக இருந்தால் பாஸ்புக்கோடு கிளைக்குப் போய்க் கேளுங்கள். கணக்குத் தொடங்கியபோது மகன் எண்ணையோ மருமகள் எண்ணையோ கொடுத்த பெரியவர்கள் நம் ஊரில் ஏராளம். அவர்கள் தங்கள் போனில் எத்தனை முறை முயன்றாலும் நடக்காது. எண்ணை மாற்றிய பிறகே அடுத்த படி.

படி 2: சிம்மில் ரீசார்ஜ் இருக்கிறதா?

ப்ளான் முடிந்த சிம்மில் சில நாட்கள் எஸ்எம்எஸ் உள்ளே வரும், ஆனால் வெளியே போகாது. வங்கிக்காக மட்டும் ஒரு பழைய எண்ணை வைத்திருப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். தொடர்ந்து 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல், பேலன்ஸும் 20 ரூபாய்க்குக் கீழே போனால், சிம் நிறுவனம் அந்த ப்ரீபெய்ட் எண்ணையே நிறுத்திவிடக்கூடும். அப்புறம் அந்த எண் வேறொருவர் கைக்குப் போகும், உங்கள் வங்கிச் செய்திகளும் அங்கே போகும்.

இன்டர்நெட் தேவைப்படாத சிம்முக்கு டேட்டா ப்ளான் போட்டுக் காசைக் கொட்ட வேண்டாம். டேட்டா இல்லாமல், பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள ப்ளான் கட்டாயம் இருக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி கொண்டுவந்தது. அந்த ப்ளான்களை நிறுவனங்கள் முன்னால் எடுத்துக் காட்டுவதில்லை. கடையில் கேட்டு வாங்குங்கள்.

படி 3: ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிப் பாருங்கள்

ஆப்பை மூடிவிட்டு, அதே சிம்மிலிருந்து வீட்டில் ஒருவருக்குச் சாதாரண எஸ்எம்எஸ் அனுப்புங்கள். வாட்ஸ்அப் அல்ல, எஸ்எம்எஸ். போகவில்லை என்றால் கோளாறு வங்கியில் இல்லை. சிம்மிலோ சிக்னலிலோ இருக்கிறது. ஒரு நிமிட வேலை, ஆனால் பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

படி 4: இரண்டு சிம் இருந்தால்

அதிகம் பேர் சறுக்கும் இடம் இதுதான். எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் வங்கிக்கு இரண்டு தடவை நடந்தார். இரண்டு தடவையும் ‘ஆப்பை அழித்துவிட்டு மறுபடி போடுங்கள்’ என்றுதான் பதில். அவர் போனில் மெசேஜ் பெட்டியைத் திறந்து, அனுப்பிய செய்திகளைப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. அந்தப் புரியாத வரி ஒவ்வொரு முறையும் சிம் 2-லிருந்து போயிருந்தது. வங்கியில் பதிந்த எண்ணோ சிம் 1.

நீங்களும் அதே மாதிரி திறந்து பாருங்கள். செய்திக்கு அருகில் 1 அல்லது 2 என்று சிறிதாகக் குறித்திருக்கும். தவறான சிம் என்றால், செட்டிங்ஸில் சிம் பகுதிக்குப் போய், எஸ்எம்எஸ்ஸுக்கு உரிய சிம்மை மாற்றுங்கள். அது கிடைக்கவில்லையா? பதியும் அந்த ஐந்து நிமிடத்துக்கு மற்ற சிம்மை அணைத்து வையுங்கள். முடிந்ததும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

ஐபோனில் ஆப் தானாக எஸ்எம்எஸ் அனுப்பாது. செய்தியைத் தயாராக எழுதி உங்கள் முன் வைக்கும். அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு ஆப்புக்குத் திரும்புங்கள்.

படி 5: போனைச் சரிபாருங்கள்

ஆப்பை ப்ளே ஸ்டோரிலிருந்தோ ஆப் ஸ்டோரிலிருந்தோ மட்டும் எடுங்கள். ஆண்ட்ராய்டில் எஸ்எம்எஸ், போன் ஆகிய இரண்டு அனுமதிகளையும் அது கேட்டால் கொடுங்கள். மறுத்தால் சிம்மைப் பார்க்க அதற்கு வழியில்லை. வைஃபையை அணைத்து, அந்த சிம்மின் மொபைல் டேட்டாவில் முயலுங்கள். விபிஎன் (இணையத்தில் உங்கள் இருப்பிடத்தை மறைக்கும் ஆப்) இருந்தால் நிறுத்துங்கள். செட்டிங்ஸில் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் (ஆப் உருவாக்குபவர்களுக்கான பகுதி) திறந்திருந்தால் பல ஆப்கள் உள்ளே விடாது, அதையும் அணையுங்கள். ஸ்கிரீனைப் பிறருக்குக் காட்டும் எனிடெஸ்க் போன்றவை போனில் இருந்தாலும் ஆப் மறுக்கலாம். அதில் வங்கி செய்வது சரி, அவற்றை நீக்கிவிடுங்கள்.

இப்போது பதிவைத் தொடங்குங்கள். திரையில் ‘சரிபார்க்கிறோம்’ என்று சுற்றிக்கொண்டிருக்கும்போது ஆப்பை விட்டு வெளியே வராதீர்கள்.

படி 6: பதிந்த பிறகு கொஞ்சம் பொறுங்கள்

புதிதாகப் பதிந்த முதல் 24 மணி நேரத்தில் (ஐபோனில் 72 மணி நேரம்) யூபிஐயில் 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது. வங்கி ஆப்களும் தங்கள் பங்குக்கு வரம்பு வைக்கின்றன. ஆகவே பள்ளிக் கட்டணம், வீட்டு முன்பணம் போன்ற பெரிய தொகை கட்ட வேண்டிய வாரத்தில் போன் மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால் பணத்தை முதலில் கட்டிவிட்டு மாற்றுங்கள்.

சிம் தொலைந்து புது சிம் வாங்கியவர்களுக்கு இன்னொரு காத்திருப்பு உண்டு. மாற்று சிம் உயிர்பெற்ற முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வரவும் செய்யாது, போகவும் செய்யாது. உங்கள் பெயரில் வேறொருவன் சிம் வாங்கி ஓடிபியைப் பறிக்காமல் இருக்கத்தான் இந்தத் தடை. அந்த ஒரு நாளில் ஆப்போடு மல்லுக்கட்ட வேண்டாம்.

சிம்மில் கோளாறு இல்லை, ஆப் மட்டும்தான் மறுக்கிறது என்றால், கம்ப்யூட்டரில் நெட் பேங்கிங் திறந்து பாருங்கள். பல வங்கிகளில் அதற்கு சிம் பைண்டிங் வேண்டாம், கடவுச்சொல்லும் ஓடிபியும் போதும்.

யார் கேட்டாலும் செய்யக் கூடாதது

முன்னால் சொன்ன அந்தப் புரியாத வரியை நினைவில் வையுங்கள். ‘வங்கியிலிருந்து பேசுகிறோம், உங்கள் ஆப் பிரச்சினையைச் சரிசெய்கிறோம்’ என்று சொல்லி, அதே மாதிரி ஒரு வரியை உங்களுக்கு அனுப்பி, ‘இதை இந்த எண்ணுக்கு எஸ்எம்எஸ் செய்யுங்கள்’ என்பார்கள். அனுப்பினால் உங்கள் எண் அவர்களுடைய போனோடு முடிச்சாகிவிடும். நீங்கள் ஓடிபி எதையும் சொல்லியிருக்க மாட்டீர்கள், ஆனாலும் கதவு திறந்துவிடும். அடுத்து ஏதோ காரணம் சொல்லி கார்டு எண்ணையோ பின்னையோ கேட்பார்கள். உங்கள் போனில் உள்ள ஆப் தானே உருவாக்கிய வரியைத் தவிர வேறெதையும் அனுப்பாதீர்கள். இதைப் பெரியவர்களுக்குப் போனில் சொன்னால் போதாது, பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக்கொடுங்கள்.

பணம் போய்விட்டதா? உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். வங்கியின் தவறோ உங்கள் தவறோ இல்லாமல் நடந்த மோசடியை 3 வேலை நாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை என்று 2017-ல் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டிருக்கிறது.

எல்லாம் செய்தும் ஆகவில்லை என்றால்

திரையில் வரும் பிழைச் செய்தியைப் படம் பிடியுங்கள். எஸ்எம்எஸ் போன நேரமும் சிம் எண்ணும் தெரியும்படி மெசேஜ் பெட்டியையும் ஒரு படம் எடுங்கள். இரண்டையும் இணைத்து வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண் வாங்குங்கள். கவுன்டரில் வாயால் சொன்னது கணக்கில் வராது. 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தி தரவில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. 14448 என்ற எண்ணில் வழி கேட்கலாம்.