மலை மேல் கேப்னோகிராஃப்: எண்ணை மட்டும் பார்த்தால் வரும் தவறுகள்

சுவாசக் குழாய் போட்ட நோயாளியின் மானிட்டரில் எல்லார் கண்ணும் முதலில் போவது ஈ.டி.சி.ஓ.2 எண்ணுக்குத்தான்; மூச்சு விட்டு முடிக்கும்போது வரும் காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடின் அளவு அது. 38 மில்லிமீட்டர் என்று காட்டினால் நிம்மதி. ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் அந்த அளவு ஏறி இறங்குவதைக் காட்டியபடி பக்கத்தில் ஓடும் கேப்னோகிராஃப் அலையைப் பார்க்காமல் அந்த எண்ணை நம்பக் கூடாது. மூச்சு விடும்போது கோடு விறுவிறுவென ஏறி, மேலே ஏறக்குறைய சமமாக ஓடி, மூச்சு இழுத்ததும் பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். ஆஸ்துமா இழுப்பில் அந்தச் சமதளம் சரிவாகிவிடும். அப்போது ரத்தத்தில் உள்ள கார்பன் டை ஆக்சைடு எண் சொல்வதைவிட நன்றாகவே கூடுதலாக இருக்கலாம். கோடு பூஜ்யத்தைத் தொடவே இல்லை என்றால், விட்ட காற்றையே நோயாளி திரும்ப இழுக்கிறார். மயக்க மருந்து மெஷினாக இருந்தால் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் சோடா லைம் தீர்ந்துவிட்டதா, வால்வு ஒட்டிக்கொண்டதா என்று பாருங்கள்.

குழாய் போட்ட பிறகு அலையே இல்லையா? "மெஷின் ரிப்பேர்" என்று சொல்லிவிட்டு நகர்வதைப் போல ஆபத்தான தவறு வேறில்லை. வேறு காரணம் உறுதியாகும் வரை குழாய் உணவுக்குழாயில் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இதயம் நின்றவருக்குக்கூட நெஞ்சை ஒழுங்காக அழுத்தினால் சின்ன அலையாவது வரும். அதேபோல, முதல் இரண்டு மூன்று அலையைப் பார்த்துத் திருப்திப்படவும் கூடாது. குழாய் போடும் முன் கையால் மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக் அழுத்தும்போது வயிற்றுக்குள் போன காற்றும் கொஞ்ச நேரம் அலை காட்டும். ஏழு மூச்சுக்காவது குறையாமல் வருகிறதா என்று நின்று பார்க்க வேண்டும்.

இனி நீலகிரிக்கே உரிய சிக்கல். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். கடல் மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரசமாக இருக்கும் காற்றழுத்தம் இங்கே ஏறக்குறைய 580தான். ஊட்டியில் பருப்பு வேகக் கூடுதல் நேரம் ஆவதும் இதனால்தான். சதவீதத்தில் காட்டும்படி மானிட்டரை வைத்திருந்தால் குழப்பம் இங்கே தொடங்கும். மூச்சில் உள்ள ஈரத்தின் அழுத்தத்தைக் கழித்தால், சமவெளியில் 5 சதவீதம் என்பது சுமார் 36 மில்லிமீட்டர். ஊட்டியில் அதே 5 சதவீதம் 27தான். இங்கே 38 மில்லிமீட்டர் உள்ளவருக்கு 7 சதவீதம் காட்டினால் அது சரியே. அதைப் பார்த்துப் பதறி வென்டிலேட்டர் வேகத்தைக் கூட்டினால், தலையில் அடிபட்டவருக்கு மூளை ரத்த ஓட்டம் குறைந்துவிடும். எனவே மில்லிமீட்டரிலேயே வையுங்கள்.

அளவுத்திருத்தத்திலும் கவனம் வேண்டும். சில மானிட்டர்கள் காற்றழுத்தத்தைத் தாமே அளந்துகொள்ளும்; சிலவற்றில் உயரத்தை நாம்தான் கொடுக்க வேண்டும். 760 என்று நினைத்துக்கொண்டிருக்கும் மெஷினை ஊட்டியில் 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு உள்ள சிலிண்டர் வாயுவால் சரிசெய்தால், உண்மையில் 38 இருக்கும் நோயாளிக்கு 50 என்று காட்டும். மெஷினைத் தருபவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்பேன்.

எண் குறைவாக இருந்தால் உடனே "மூச்சு அதிகம் கொடுக்கிறோம்" என்று முடிவு கட்டுவது இன்னொரு தவறு. ரத்தப்போக்கில் பிரஷர் விழுந்தாலும், நுரையீரல் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்தாலும் 22, 20 என்று இறங்கும். அப்போது வென்டிலேட்டர் வேகத்தைக் குறைப்பது எரிகிற வீட்டில் அபாய மணியை மட்டும் நிறுத்துவது. பிரஷரைப் பாருங்கள், ரத்த வாயுப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

சுவாசக் குழாய் போடாதவருக்கு மூக்கில் மாட்டும் லைனில் ஆக்சிஜனை வேகமாகத் திறந்தாலும், நோயாளி வாயால் மூச்சுவிட்டாலும் எண் குறையும். மூச்சுக்காற்றை மானிட்டருக்குக் கொண்டுபோகும் சாம்பிளிங் லைனில் விரிசல் இருந்தாலும் அப்படித்தான். உறைபனிக் காலத்தில் இந்த மெல்லிய குழாயில் ஈரம் சீக்கிரம் நீராகிவிடும். சுவாசக் குழாயோடு சேரும் முனையை மேல்நோக்கி வையுங்கள், நீரைப் பிடித்துவைக்கும் வாட்டர் ட்ராப்பைக் காலி செய்யுங்கள், அடைத்தால் லைனையே மாற்றுங்கள்.

கோவைக்கு ஆம்புலன்சில் அனுப்பும்போது பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று கேப்னோவை அணைக்காதீர்கள். கொண்டை ஊசி வளைவில் குழாய் நழுவினால் ஆக்சிஜன் எண் விழச் சில நிமிடம் ஆகலாம். அலையோ அடுத்த மூச்சிலேயே காணாமல் போகும். உயரத்தைக் கையால் கொடுத்த மானிட்டர் என்றால் மேட்டுப்பாளையம் இறங்கியதும் அதையும் மாற்ற வேண்டும். அங்கே உயரம் 350 மீட்டர்கூட இல்லை.